ஸ்ட்ரைக்கர் இழந்தது எவ்வளவு, காய் பெற்றது எவ்வளவு: மோதலில் உந்த மாற்றத்தைக் கணக்கிடுவது எப்படி?

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேரம் போர்டு வெளியே வரும். ஒரு டிரம்மின் மேல் போர்டை வைத்து, பவுடரைத் தூவி, தலைக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும், வெகுநேரம் ஆட்டம் போகும். சுற்றி நிற்கிற தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் இயற்பியல் படிக்கிறவர்கள். மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். அந்தப் பாடத்தில் வரும் மோதல் கணக்கைக் கண்டு மிரளும் அதே பிள்ளை, ஸ்ட்ரைக்கரை எவ்வளவு வேகத்தில் விட்டால் காய் குழிக்குப் போகும் என்பதை யோசிக்காமலே முடிவு செய்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறவன் என்ற முறையில், நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். மோதல் கணக்கில் சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். மோதிய இரண்டில் ஒவ்வொன்றின் உந்தமும் எவ்வளவு மாறியது என்று தனித்தனியே, குறியோடு கண்டுபிடியுங்கள். மிச்சமெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் உந்தம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வகுப்பில் மொமென்டம் என்றோ, மராத்தியில் சம்வேக் என்றோ கேட்டிருப்பீர்கள். ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். போட்டிக்கான ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம் இருக்கலாம். காய் 5 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். கணக்குக்கு 5 என்றே வைத்துக்கொள்வோம். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் போகிறது என்றால் அதன் உந்தம் 15 × 2 = 30 கிராம் மீட்டர்/நொடி. தேர்வில் இதை 0.03 கிலோகிராம் மீட்டர்/நொடி என்று மாற்றி எழுத வேண்டும். இங்கே கிராமிலேயே விட்டுவிடுகிறேன், தசமப் புள்ளி குறைவாக இருந்தால் விஷயம் தெளிவாகத் தெரியும்.

திசைவேகத்தில் திசை இருக்கிறது. நேர்க்கோட்டில் நடக்கும் மோதலில் திசையைக் காட்ட ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும் போதும். வலப்பக்கம் போவது கூட்டல், இடப்பக்கம் வருவது கழித்தல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மாற்றி வைத்தாலும் தப்பில்லை. ஆனால் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை அதை மாற்றக் கூடாது.

உந்த மாற்றம் என்பது மோதலுக்குப் பின் உள்ள உந்தத்திலிருந்து மோதலுக்கு முன் இருந்த உந்தத்தைக் கழித்தால் வருவது. எப்போதும் பின் கழித்தல் முன். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஃபிரேமில் பட்டுத் திரும்பும் காய்

குறி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு காயை வைத்துப் பார்க்கலாம். ஒரு காய் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய் போர்டின் மர ஃபிரேமில் நேராக இடித்து, நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் திரும்பி வருகிறது. உந்தம் எவ்வளவு மாறியது?

"10 இருந்தது, 7.5 ஆகிவிட்டது, அதனால் 2.5 மாறியது" என்று பெரும்பாலான பிள்ளைகள் உடனே சொல்வார்கள். காயின் வேகம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டிருந்தால் அந்த யோசனை சரி. கேட்டது உந்தத்தை. முன் உந்தம் +10. திரும்பி வரும்போது திசை மாறிவிட்டதால் பின் உந்தம் −7.5. மாற்றம் = −7.5 − 10 = −17.5. காய் முதலில் தன் பத்தையும் இழந்து நிற்க வேண்டும், அப்புறம் எதிர்த் திசையில் ஏழரையைப் பெற வேண்டும். இரண்டையும் செய்வது ஃபிரேம்தான். அதனால்தான் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் பொருளைவிட எகிறித் திரும்பும் பொருள் சுவரை அதிகமாகத் தள்ளுகிறது. ஃபிரேம் பெற்றது +17.5. அது போர்டுக்கும், போர்டைத் தாங்கும் டிரம்முக்கும், தரைக்கும் போய்ச் சேர்கிறது. அவற்றின் நிறை மிகப் பெரியது என்பதால் நகர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தக் குறி விஷயம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவின் மிகப் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவரான ரெனே டெக்கார்ட் இதில்தான் தடுக்கினார். உலகில் உள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்று 1644இல் அவர் எழுதினார். அருமையான யோசனை. ஆனால் அந்த அளவைப் பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கிக் கண்டார், திசையைச் சேர்க்கவில்லை. விளைவு, சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அசையாமல் இருக்கும் பெரிய பொருளை நகர்த்தவே முடியாது என்று ஒரு விதி வந்துவிட்டது. காய் வந்து பட்டு ஸ்ட்ரைக்கர் நகர்வதைப் பார்த்திருக்கும் எந்தக் குழந்தையும் அதை ஒப்புக்கொள்ளாது. 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைக் கண்டு சொல்லும்படி அறிஞர்களைக் கேட்டது. ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மூவரும் பதில் அனுப்பினார்கள். திசையையும் கணக்கில் சேர்த்ததும் எல்லாம் பொருந்தி வந்தது. ஆகவே கழித்தல் குறியில் சறுக்கும் மாணவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் சறுக்கும் இடம் உண்மையிலேயே வழுக்கலான இடம்.

இரண்டு பொருட்கள் மோதும்போது

இப்போது ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், அசையாமல் இருக்கும் ஒரு காயை நேர் நடுவில் அடிக்கிறது. மோதலில் ஆற்றல் கொஞ்சமும் வீணாகவில்லை என்றால் ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 1 மீட்டரிலும் காய் நொடிக்கு 3 மீட்டரிலும் அதே திசையில் போகும். இந்த 1, 3 எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். முதலில் மாற்றங்களைப் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கரின் முன் உந்தம் 30, பின் உந்தம் 15. மாற்றம் −15. காயின் முன் உந்தம் 0, பின் உந்தம் 5 × 3 = 15. மாற்றம் +15.

ஒன்று எவ்வளவு இழந்ததோ மற்றது அவ்வளவையே பெற்றிருக்கிறது. இது இந்த எண்களுக்கு மட்டும் தற்செயலாக அமைந்ததல்ல. காய் ஸ்ட்ரைக்கரைத் தள்ளும் விசையும் ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளும் விசையும் ஒவ்வொரு கணமும் சமம், திசை மட்டும் எதிர். நியூட்டனின் மூன்றாம் விதி அது. இரண்டும் ஒட்டியிருக்கும் நேரமும் ஒன்றுதான். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடும் நேரத்தில்தானே காயும் ஸ்ட்ரைக்கரைத் தொடுகிறது! விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. உந்த மாற்றம் என்பது அந்தக் கணத்தாக்குதான். விசை சமம், நேரம் சமம், அதனால் மாற்றமும் சமம், குறி எதிர். உந்த மாறாக் கோட்பாடு என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இதைத்தான். ஒன்றின் −15ஐயும் மற்றதன் +15ஐயும் கூட்டினால் பூஜ்யம். மொத்தம் மாறவில்லை.

நன்றாக யோசிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். போர்டுக்கும் காய்க்கும் இடையே உராய்வு இருக்கிறதே, அது உந்தத்தைக் குறைக்காதா? குறைக்கும். அதனால்தான் காய்கள் கடைசியில் நின்றுவிடுகின்றன. ஆனால் மோதல் நடக்கும் நேரத்தில் அது கணக்கில் வராத அளவுக்குச் சின்னது. ஸ்ட்ரைக்கரும் காயும் ஒரு மில்லி நொடி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, ஒட்டியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் 0.015 கிலோகிராம் மீட்டர்/நொடி. அதை 0.001 நொடியால் வகுத்தால் சராசரி விசை 15 நியூட்டன். ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்கி நிறுத்தும் அளவு விசை, ஐந்து கிராம் காயின் மேல்! காயின் சொந்த எடையோ ஏறக்குறைய 0.05 நியூட்டன்தான். பவுடர் போட்ட போர்டில் உராய்வு அதைவிடவும் குறைவு. 15க்குப் பக்கத்தில் அதைத் தாராளமாக விட்டுவிடலாம். உந்தம் மாறாது என்று நாம் சொல்வது மோதலுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள நிலைக்குத்தான், காய் ஓடி முடித்து நிற்கும்வரைக்கும் அல்ல.

மாற்றத்தை நேராகவே கண்டுபிடிக்கலாம்

மேலே 1, 3 என்ற விடைகளைச் சும்மா கொடுத்துவிட்டேன். அவை வரும் வழி இது. எனக்கு மிகவும் பிடித்த வழியும்கூட, ஏனென்றால் இதில் இறுதி வேகங்கள் தெரியாமலே உந்த மாற்றம் கிடைத்துவிடும்.

மோதலில் கைமாறும் உந்தத்தை 'கைமாற்று' என்று அழைப்போம். ஸ்ட்ரைக்கரின் திசைவேகம் கைமாற்று ÷ 15 அளவு குறையும். காயின் திசைவேகம் கைமாற்று ÷ 5 அளவு கூடும். இரண்டுக்கும் இடையிலான ஒப்புமைத் திசைவேகம், அதாவது ஸ்ட்ரைக்கர் காயை நெருங்கும் வேகம், மொத்தத்தில் கைமாற்று × (1/15 + 1/5) அளவு மாறும். அடைப்புக்குள் இருப்பது 4/15. அதாவது கைமாற்றை 3.75ஆல் வகுத்ததற்குச் சமம். இந்த 3.75 எங்கிருந்து வருகிறது? இரண்டு நிறைகளையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது: 15 × 5 = 75, அதை 20ஆல் வகுத்தால் 3.75.

மோதலுக்கு முன் நெருங்கும் வேகம் 2. ஆற்றல் கொஞ்சமும் வீணாகாத மோதலுக்கு முழு மீட்சி மோதல் என்று பெயர். அதில், மோதலுக்குப் பின் அவை அதே 2 வேகத்தில் பிரியும். +2 என்பது −2 ஆகிறது, மாற்றம் 4. ஆகவே கைமாற்று = 3.75 × 4 = 15. ஸ்ட்ரைக்கர் 15 ÷ 15 = 1 அளவு குறைந்து 2லிருந்து 1 ஆகிறது. காய் 15 ÷ 5 = 3 அளவு கூடி 3 ஆகிறது. முடிந்தது.

உண்மையான காய்கள் முழு மீட்சியோடு மோதுவதில்லை. அந்த 'டக்' சத்தமே கொஞ்சம் ஆற்றல் வெளியே போனதற்குச் சாட்சி. பிரியும் வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது மீட்சியளிப்புக் குணகம். முழு மீட்சிக்கு அது 1, ஒட்டிக்கொண்டுவிட்டால் 0. நியூட்டன் 1687இல் வெளியிட்ட தன் நூலிலேயே ஊசல்களில் உருண்டைகளைத் தொங்கவிட்டு மோதவிட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகளுக்கு அது ஏறக்குறைய 5/9, கண்ணாடி உருண்டைகளுக்கு 15/16 என்று கண்டார். நம் காய்க்கு 0.8 என்று வைத்துப் பார்ப்போம். நெருங்கும் வேகம் +2, பிரியும் வேகம் 1.6, மாற்றம் 3.6. கைமாற்று = 3.75 × 3.6 = 13.5. ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7. சரிபாருங்கள்: 15 × 1.1 = 16.5, 5 × 2.7 = 13.5, கூட்டினால் 30. உந்தம் அப்படியே இருக்கிறது. இயக்க ஆற்றலோ 0.030 ஜூலிலிருந்து 0.0273 ஜூலுக்கு இறங்கிவிட்டது, 9 சதவீதம் போய்விட்டது. போனது சத்தமாகவும் சூடாகவும் போனது.

இதை மனதில் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள்: உந்தம் எல்லா மோதலிலும் பத்திரமாக இருக்கும், இயக்க ஆற்றல் முழு மீட்சி மோதலில் மட்டும்தான் பத்திரமாக இருக்கும். கேள்வித்தாளில் மோதலின் வகையைச் சொல்லாமல் விட்டால், ஆற்றல் சமன்பாட்டைத் தொடாதீர்கள். உந்தத்தை மட்டும் நம்புங்கள்.

நீங்களே அளந்து பார்க்க விரும்பினால் கையில் இருக்கும் போனே போதும். பல போன்களில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. போர்டுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். நொடிக்கு 2 மீட்டர் போகும் ஸ்ட்ரைக்கர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். காயின் விட்டம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மோதலுக்கு முந்தைய நாலைந்து படங்களையும் பிந்தைய நாலைந்து படங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப் போனால் உராய்வு புகுந்துவிடும்.

ஒட்டிக்கொண்டால்

மும்பையில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோக்கும் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். ஓடிவரும் பெட்டி நிற்கும் பெட்டியை இடித்து, கொக்கி மாட்டி, இரண்டும் ஒன்றாக நகரும். குணகம் 0. காலிப் பெட்டி 20 டன், நிலக்கரி ஏற்றிய பெட்டி 80 டன் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான நிலக்கரிப் பெட்டிகளும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

காலிப் பெட்டி நொடிக்கு 1 மீட்டரில் வந்து, நிற்கும் பாரப் பெட்டியை இடித்தால், மொத்த உந்தம் 20, மொத்த நிறை 100, சேர்ந்து போகும் வேகம் 0.2. காலிப் பெட்டியின் உந்த மாற்றம் 4 − 20 = −16. இப்போது மாற்றி யோசியுங்கள். பாரப் பெட்டி அதே 1 மீட்டரில் வந்து, நிற்கும் காலிப் பெட்டியை இடிக்கிறது. சேர்ந்து போகும் வேகம் 0.8. பாரப் பெட்டியின் மாற்றம் 64 − 80 = −16. இரண்டிலும் அதே 16!

முதல் முறை இதைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நம் வழியில் போட்டால் ஒரே வரி: 20 × 80 ÷ 100 = 16, ஒட்டிக்கொண்டதால் நெருங்கும் வேகம் 1லிருந்து 0 ஆகிறது, அந்த மாற்றமான 1ஆல் பெருக்கினால் 16. எது ஓடியது, எது நின்றது என்ற கேள்வியே அதற்குள் இல்லை. ஒன்றையொன்று எவ்வளவு வேகமாக நெருங்கின என்பது மட்டும்தான் இருக்கிறது. வீணாகும் ஆற்றலும் இரண்டிலும் ஒன்றே, 8,000 ஜூல். போட்டுப் பாருங்கள்.

பஸ்ஸும் ஆட்டோவும்

சயான் சிக்னலில் நிற்கும் ஓர் ஆட்டோவை ஒரு பஸ் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது என்று கற்பனை செய்யுங்கள். எதன் உந்தம் அதிகமாக மாறியது? ஏறக்குறைய எல்லோரும் ஆட்டோ என்பார்கள். பஸ் 9,500 கிலோ, ஆட்டோ ஆட்களோடு 500 கிலோ, பஸ்ஸின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர்தான். சேர்ந்து போகும் வேகம் 47,500 ÷ 10,000 = 4.75. பஸ்ஸின் மாற்றம் 9,500 × (4.75 − 5) = −2,375. ஆட்டோவின் மாற்றம் 500 × 4.75 = +2,375 கிலோகிராம் மீட்டர்/நொடி. சமம்.

அப்படியென்றால் ஆட்டோ ஏன் நசுங்குகிறது? மாறுபடுவது உந்த மாற்றம் அல்ல, திசைவேக மாற்றம். பஸ்ஸுக்கு 0.25, ஆட்டோவுக்கு 4.75, பத்தொன்பது மடங்கு. நிறையும் பத்தொன்பது மடங்கு வித்தியாசம், அதனால்தான் பெருக்கினால் சமமாகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் லேசாகக் குலுங்குவார். ஆட்டோவில் இருப்பவரின் உடல் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் 4.75 மீட்டர்/நொடி வேகத்துக்குத் தள்ளப்படும். அடிபடுவது அதனால்தான். இரு சக்கர வண்டியில் போகும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும் என்று நினைக்கிறேன். எதிரே வருவது லாரியாக இருந்தால் விசை சமமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த விசை தூக்கி எறிவது லேசானதைத்தான்.

நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. உந்த மாற்றம் இவ்வளவு என்று முடிவாகிவிட்டால், அது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து விசை கூடும், குறையும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. மும்பையின் சர்ச்கேட், சிஎஸ்எம்டி போன்ற ரயில் முனையங்களில் தண்டவாளத்தின் முடிவில் பஃபர், அதாவது வந்து இடிக்கும் ரயிலைத் தாங்கி நிறுத்தும் அமைப்பு, வைத்திருப்பதும் இதற்காகத்தான். 500 டன் ரயில் ஒன்று நொடிக்கு 3 மீட்டரில், மெதுவாக ஓடும் மனிதரின் வேகத்தில், வந்தால்கூட அதன் உந்தம் 15 லட்சம் கிலோகிராம் மீட்டர்/நொடி. ஐந்து நொடியில் நிறுத்தினால் சராசரி விசை 3 லட்சம் நியூட்டன், அரை நொடியில் நிறுத்தினால் 30 லட்சம். 2015 ஜூன் 28 அன்று சர்ச்கேட்டில் ஒரு லோக்கல் ரயில் பஃபரையும் தாண்டிப் பிளாட்பாரத்தின் மேல் ஏறியதே, அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்களாக இருக்காது.

கட் ஷாட்: திசை இரண்டானால்

நேர் மோதலில் ஒரு குறி போதும். கேரமில் பெரும்பாலான அடிகள் கட் ஷாட்தான், காய் ஒரு பக்கம் போகும், ஸ்ட்ரைக்கர் இன்னொரு பக்கம் போகும். இங்கே உந்தத்தை முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே 'இழந்தது = பெற்றது' பொருந்தும். இரண்டு சின்னக் கணக்குகள், அவ்வளவுதான்.

காய் எந்தத் திசையில் போகும் என்பதை மோதும் கணத்தில் இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோடு தீர்மானிக்கிறது. விளிம்பு வழவழப்பாக இருந்தால் விசை அந்தக் கோட்டில் மட்டும்தான் செயல்படும். அந்தக் கோடு ஸ்ட்ரைக்கர் வந்த திசைக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 3, 4, 5 முக்கோணத்தில் வரும் கோணம் அது, அதன் கொசைன் 0.8, சைன் 0.6. நெருங்கும் வேகத்தில் அந்தக் கோட்டின் வழியே உள்ள பங்கு 2 × 0.8 = 1.6. முழு மீட்சி என்றால் மாற்றம் 3.2. கைமாற்று 3.75 × 3.2 = 12. காய் 12 ÷ 5 = 2.4 மீட்டர்/நொடியில் 37 டிகிரியில் பாய்கிறது.

காய் பெற்ற 12இல் முன்பக்கக் கூறு 12 × 0.8 = 9.6, பக்கவாட்டுக் கூறு 12 × 0.6 = 7.2. ஸ்ட்ரைக்கர் அதையே இழக்க வேண்டும். முன்பக்கம் 30 − 9.6 = 20.4. பக்கவாட்டில் 0 − 7.2 = −7.2. நிறையால் வகுத்தால் முன்பக்கம் 1.36, எதிர்ப் பக்கவாட்டில் 0.48. ஸ்ட்ரைக்கர் தன் பழைய பாதையிலிருந்து 19 டிகிரிக்குச் சற்று மேல் விலகிப் போகிறது.

வேறு கோணங்களையும் போட்டுப் பாருங்கள். மெல்லிசாக வெட்டினாலும் சரி, தடிமனாக அடித்தாலும் சரி, நிற்கும் காயை அடித்த ஸ்ட்ரைக்கரின் விலகல் 19.5 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. காயின் நிறை ஸ்ட்ரைக்கரின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு. சைன் மதிப்பு 1/3 ஆகும் கோணம்தான் அந்த எல்லை. ஸ்ட்ரைக்கர் கனமானது என்பதால், அசையாமல் இருக்கும் ஒரே ஒரு காயை அடித்து அதனால் நிற்கவோ திரும்பி வரவோ முடியாது. நேராக அடித்தால் காயின் பின்னாலேயே போகும். குழிக்கு நேர் எதிரே நிற்கும் காயை ஓங்கி அடித்தால் காய் விழுந்த கையோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய் மைனஸ் ஆவது இதனால்தான். காய் உந்தத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது, மீதிப் பாதி ஸ்ட்ரைக்கரிடம் இருக்கிறது, அது முன்னோக்கியே இருக்கிறது. பில்லியர்ட்ஸில் இரண்டு பந்துகளுக்கும் ஒரே நிறை. சுழலாமல் நேராக அடித்தால் அடித்த பந்து தன் உந்தத்தை ஏறக்குறைய முழுவதும் கொடுத்துவிடும். கேரமில் அந்த வசதி இல்லை. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அப்படிப்பட்ட காயை மெதுவாகத் தட்டுவார்கள், அல்லது மெல்லிசாக வெட்டுவார்கள். இரண்டு முறை உலகச் சாம்பியனான சென்னையின் மரிய இருதயத்தைப் போன்றவர்களின் கை இந்தக் கணக்கையெல்லாம் எவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஒரு கணக்கு உங்களுக்கு

காய் ஃபிரேமில் பட்டுத் திரும்பி நொடிக்கு 2 மீட்டரில் வருகிறது. எதிரே ஸ்ட்ரைக்கரும் நொடிக்கு 2 மீட்டரில் போகிறது. நேருக்கு நேர் மோதல், முழு மீட்சி. ஸ்ட்ரைக்கரின் உந்த மாற்றம் என்ன, காயின் உந்த மாற்றம் என்ன? கீழே படிப்பதற்கு முன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

நெருங்கும் வேகம் 2 − (−2) = 4. இந்த இடத்தில் 0 என்று எழுதியிருந்தால் குறியை மறுபடி பாருங்கள். மோதலுக்குப் பின் அந்த +4 என்பது −4 ஆக வேண்டும், ஆகவே மாற்றம் 8. கைமாற்று 3.75 × 8 = 30. ஸ்ட்ரைக்கரின் மாற்றம் −30, காயின் மாற்றம் +30. ஸ்ட்ரைக்கரிடம் இருந்ததே 30தான், அதனால் அது அப்படியே நின்றுவிடுகிறது. காயின் உந்தம் −10லிருந்து +20 ஆகிறது, வந்த வழியே நொடிக்கு 4 மீட்டரில் திரும்பிப் பாய்கிறது.